காரணம் சொல்லாமல்

பதினான்கு பக்கம்.
மூன்று மொழியிலும் உண்டு, எது வேணும் என்று கேட்டாள் மிஸ்ஸி.
தமிழ் என்றேன். எடுத்துத் தந்தாள்.
அவ்வளவு லேசாக.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, இதய கிளினிக்கின் பின்னறை.
ஏசி இருக்கிறது, ஓடாது.
முப்பது வருஷம் மின்சார சபைக்கு மீற்றர் வாசித்தவன் நான்.
ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம்,
நாய் உள்ள வீடு எது
நாயைவிடக் கடிக்கிற வீடு எது
எல்லாம் தெரியும்.
இப்போது என் நெஞ்சில் பசை பூசி
வேறொருத்தன் வாசித்தான்: முப்பத்திநாலு.
நூற்றுக்கு.
மீற்றர் பழுதென்று முறைப்பாடு எழுத
இங்கே படிவம் இல்லை.

டொக்டர் பொடியன், குரலைத் தணித்துத்தான் பேசுவான்.
"புதுக் குளிசை ஐயா. பாதிப் பேருக்கு அது.
மற்றப் பாதிக்கு அதே நிறம், அதே அளவு,
உள்ளே ஒன்றுமில்லை.
உங்களுக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."
"ஆருக்குத்தான் தெரியும்?"
"கொம்பியூட்டருக்கு."
நேசம்மா முந்தானையால் வாயை மூடினாள்.
சிரிப்பென்று அவன் நினைத்திருப்பான்.

விரல் வைத்து வாசித்தேன்.
தலை சுற்றலாம். இருமல் வரலாம். அரிதாக,
அரிதாகவுக்குப் பிறகு வந்ததை
நேசம்மாவுக்குக் கேட்க வாசிக்கவில்லை.
ஒன்பதாம் பக்கத்தில் நின்றேன்.
எந்த நேரத்திலும்
காரணம் எதுவும் சொல்லாமல்
நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

திரும்ப வாசித்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு, லாந்தர் வெளிச்சத்தில்,
விளங்காத மொழியில் ஒரு கடதாசிக்கு ஒப்பம் வைத்தேன்.
என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.
பிறகு மற்றப் பக்கத்தாரின் கொப்பி ஒன்று.
பாஸ். பதிவு. கடல் வந்து போனபின் கூடாரத்துப் பட்டியல்.
என் பெயர் ஏறிய தாள் எதிலும்
வெளியே போக வாசல் வைத்திருக்கவில்லை.

பேனையைக் கேட்டேன்.
"வீட்டில யோசிச்சிட்டு மறுகா வாங்க" என்றான்.
அதுவும் அந்தப் பக்கத்தில் இருந்தது.
போனேன். மூன்றாம் நாள் வந்தேன்.
கல்லடிப் பாலத்தில் பஸ் நின்றபோது
வாவியில் ஒருத்தன் வலையை உதறிக்கொண்டிருந்தான்,
மீன் இருந்ததா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் பெயர் நூற்றுப்பதினேழு.
நூற்றுப்பதினெட்டு உதுமாலெப்பை காக்கா,
காத்தான்குடியில் பிடவைக் கடை.
ஒவ்வொரு நாலாம் செவ்வாயும் ஒரே வாங்கு.
ஒருநாள் ஆளுக்கொரு குளிசையைக் கடித்துப் பார்த்தோம்.
"கசக்குதா?"
"கசக்குது. உங்களுக்கு?"
"எனக்கும்."
வெறுங்குளிசைக்கும் தேடிப்போய்க் கசப்புச் சேர்த்த
அந்த மனிசனை நினைத்து
இரண்டு பழுதான நெஞ்சும் குலுங்கச் சிரித்ததில்
மிஸ்ஸி ஓடிவந்தாள்.

அடுத்த செவ்வாய் வாங்கில் நான் தனி.
மிஸ்ஸி என் போத்தலைக் கொட்டி எண்ணினாள்,
கடித்த மிச்சத்துக்கு 'அரை' என்று எழுதினாள்.
கொப்பியில் எனக்குக் கீழே
அடிமட்டம் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.
காரணம் என்ற கட்டம் வெறுமை.

எனக்கு வேர்த்தது.
காரணம் இல்லாமல் இல்லாமற்போனவர்களை
எண்ணிப் பழகிய ஊர் இது.

நாலுதரம் அடித்தபின் போனை எடுத்தார்.
சம்மாந்துறையில், மச்சான்ட வயலில். பின்னால் அறுப்பு மிசின்.
"என்னத்துக்குக் காக்கா நிண்டீங்க?"
"சும்மா."
"சும்மாவா?"
"கேக்கப்படாதெண்டுதானே எழுதியிரிக்கி!"
மிசின் சத்தத்துக்கு மேலால் அவர் சிரிப்பு.
ஏசினேன். நல்லாய் ஏசினேன்.

இரவு எட்டுக்கு நேசம்மா தண்ணீர் கொண்டுவருவாள்.
"இது மருந்தா, மாவாகா?"
கம்பியைப் பார்த்து
கரண்ட் ஓடுதா என்று சொல்ல ஏலாது, என்பேன்.
"தொட்டுப் பார்த்தால்?"
அதுக்குத்தானே விழுங்குறன்.